நமக்குள் ஓடும் கடிகாரம்

மூக்கண்டப்பள்ளியில் அறை எடுத்து, சிப்காட்டில் பயிற்சிக்குப் போனபோதுதான் முதன்முதலில் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். விடிகாலை நாலு மணிக்கு மெஷின் முன்னாடி நின்றபடியே கண் சொக்கியது. விரல் போயிருக்கும், பக்கத்தில் நின்ற அண்ணன் இழுத்துவிட்டார். "நான் சோம்பேறியோ?" என்று வெட்கப்பட்டேன்.

பிறகுதான் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் (1937–2009) பற்றிப் படித்தேன். ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்து திரும்பிய அவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க் கடிகார ஆய்வை வளர்த்தார். இருண்ட குகைக்குள் அடைக்கப்பட்ட வௌவால்கள், சூரியனைப் பார்க்காமலே, தம் கூட்டம் பறக்கும் நேரத்துக்கு விழித்தன. கூட்டமே இல்லாத குகையில் அந்த நேரம் நாளுக்கு நாள் நழுவியது. 1981-ல் இதை அவர் குழு வெளியிட்டது. வெளியுலக நேரமே தெரியாத அறையில் மனிதர்களையும் தங்கவைத்து ஆராய்ந்தார்.

ஆக, கடிகாரம் உள்ளேயே ஓடுது. அதைத் திருத்தி வைப்பது வெளிச்சமும் சுற்றமும். விடிகாலையில் உடல் வெப்பமும் விழிப்பும் குறைவது இயற்கை, சோம்பல் இல்லை.

எனவே நண்பர்களே, நைட் ஷிஃப்ட் முடிந்தால் ஜன்னலை மூடி, இருட்டில் தூங்குங்கள். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதீர்கள். கண் சொக்கினால் வெட்கப்படாமல் மெஷினை நிறுத்துங்கள். விரல் போனால் திரும்ப வராது!