சிறைப்பட்டவரின் வீட்டார்
(தியானப் பகுதி: எபிரெயர் 13:3)



ருமேனியப் போதகர் ரிச்சர்ட் உம்பிராண்ட் 1948-ல் சிறைபிடிக்கப்பட்டபோது மகன் மிஹாய்க்கு வயது 9. 1950-ல் தாயார் சபீனா அம்மையாரும் கைதானார். பிள்ளையை விசுவாசிகளே பராமரித்தனர். கைதியின் வீட்டாருக்கு உதவுவதும் அந்நாளில் ஆபத்துதான்.

தகப்பனார் இருமுறையாக 14 ஆண்டுகள் சிறையிலிருந்தார். 1965-ல் மேல்நாட்டுக் கிறிஸ்தவர்கள் 10,000 டாலர் செலுத்தி அக்குடும்பத்தை மீட்டனர். பின்பு அவர்கள் அமெரிக்காவில் குடியேறினர். மீட்பின் கிரயம் என்று நாம் பிரசங்கத்தில் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கோ அது எண்ணிக் கொடுக்கப்பட்ட பணம்.

நிருபம் சொல்லும் நினைவுகூருதல் வெறும் ஞாபகமல்ல. நாமும் உடன் கட்டப்பட்டவர்களாக உணர்வது. வார்டில் படுக்கையருகே ஜெபிக்கும் நாங்கள், வீட்டில் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்க மறந்ததுண்டு. இப்போது அதையே முதலில் கேட்கிறோம்.