இரண்டாம் எஞ்சினுக்கு முதலெஞ்சின் ஈயும் காற்று

எத்துணை வலிய எஞ்சினாயினும், நின்றபின் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள வல்லதன்று. பெல்மதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த நம் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. மின்சாரம் பரவுமுன்னர் மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் எண்ணெய் எஞ்சின்களே பொறிகளைச் சுழற்றின. அவ்வகை எஞ்சின்களுட் சிறியவற்றைக் கையாற் சுற்றித் தொடக்கலாம். பெரியவற்றுக்குக் கைவலி போதாது. இரும்புக் கலத்தில் நெருக்கி அடைத்த காற்றே அவற்றை உந்தியெழுப்பும். கலம் வெறுமையாயிருக்க எஞ்சினை நிறுத்திவிட்டவன் பாடு மறுநாட் காலையிற் பெரும்பாடே!

கட்டுநாயக்காவில் வந்திறங்கும் ஜெட் விமானங்களுட் பெரும்பாலானவற்றின் நிலையும் இதுவே. ஜெட் எஞ்சினின் முற்பகுதி காற்றை இழுத்து நெருக்குகின்றது. நடுவில் எரிபொருள் எரிகின்றது. வெப்பவாயு பின்னேயுள்ள சுழலியைச் சுழற்ற, அச்சுழலியே முன்னுள்ள நெருக்கியையும் சுழற்றுகின்றது. சுழன்றாலன்றிக் காற்று நெருங்காது. காற்று நெருங்காவிடின் சுழற்றுவதற்கு வாயு இல்லை. ஆதலின் இவ்வட்டத்தைப் புறத்திருந்து ஒன்று தொடக்கிவைத்தல் வேண்டும். எஞ்சினோடு பற்சில்லுகளால் இணைக்கப்பட்ட சிறு காற்றுச்சுழலி அதனைச் செய்கின்றது. அதற்குரிய காற்றை வழங்குவது விமானத்தின் வாலிலுள்ள துணை எஞ்சின். 1958இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 707இல் அத்துணை இல்லை. நிலத்து வண்டியின் காற்றால் ஓர் எஞ்சினை எழுப்பி, அதன் காற்றால் ஏனையவற்றை எழுப்பினர். 1964இல் சேவைக்கு வந்த போயிங் 727 துணை எஞ்சினைத் தன்னுடனே சுமந்து வந்தது. இன்றும் துணை எஞ்சின் பழுதுற்றால் விமானிகள் அப்பழைய வழிக்கே மீளுகின்றனர்.

அதன் முறையை நோக்குவாம். முதலெஞ்சின் வண்டிக் காற்றினால் எழுந்தபின், வண்டி அகற்றப்படும். விமானம் தரிப்பிடத்திலிருந்து பின்னே தள்ளப்படும். பின்னர் விமானத்தைத் தடையிட்டு நிறுத்தி, அறைக்குக் குளிரூட்டும் கருவிகளை அடைத்து, இரு பக்கக் காற்றுக்குழாய்களையும் இணைக்கும் வால்வைத் திறப்பர். முதலெஞ்சினின் நெருக்கியிலிருந்து பிரித்தெடுத்த காற்று அக்குழாய்வழிச் சென்று இரண்டாம் எஞ்சினின் காற்றுச்சுழலியைத் தாக்கும்.

ஓடும் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டாற் போதாதோ என மாணவர் வினவலாம். பாடத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. மந்தமாய் ஓடும் எஞ்சின் தரும் காற்றில் வேண்டிய அமுக்கம் இல்லாதிருக்கலாம். போயிங் 737இற் குழாயமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலேனும் எட்டும்வரை முதலெஞ்சினின் வேகத்தைக் கூட்டுவர். முப்பது இறாத்தல் என்பது மோட்டார்க் கார் டயரில் நாம் அடைக்கும் அளவே! ஆயின் டயரின் காற்று அடைபட்டு நிற்பது. இதுவோ பெருவெள்ளமாய் ஓடுவது. அமுக்கத்தோடு ஓட்டமும் சேர்ந்தாற்றான் வேலை நிகழும். அவ்விமானத்தின் சி.எஃப்.எம். 56 எஞ்சினில், உயரமுக்க அச்சு முழுவேகக் குறியின் 25 நூற்றுவீதத்தை, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,600 சுற்றுக்களை, எட்டியபின்னரே எரிபொருள் விடப்படும். அச்சு பாதிவேகத்தைச் சற்றுக் கடந்ததும் காற்றுச்சுழலி தானே விலகிக்கொள்ளும். கடன் காற்று நலிந்து அச்சு மந்தமாய்ச் சுழன்றால், எரிபொருளுக்கேற்ற காற்றின்றி வெப்பம் மிகும். தொடக்கத்தில் அவ்வெப்பம் 725 சதமபாகையைக் கடத்தல் ஆகாது. கடக்குமெனத் தோன்றினால் எரிபொருளை உடனே அடைத்தல் வேண்டும். இன்றேற் சுழலியின் அலகுகள் கெடும்.

வேகத்தைக் கூட்டும்போது பின்னே வீசும் சூறைக்காற்றும் மிகும். ஆட்களும் ஏணிகளும் பொதிவண்டிகளும் நெருங்கி நிற்கும் தரிப்பிடத்தில் இதனைச் செய்யாமைக்குக் காரணம் அதுவே. பின்புறம் வெறுமையாயிருக்கிறதெனத் தரையில் நிற்பவர் உறுதி கூறியபின்னரே விமானி நெம்பை முன்தள்ளுவார். அவ்வொரு சொல்லை நம்பியே அப்பாற் பணிபுரிவோர் உயிர்கள் இருக்கின்றன என்பதை, விமானத் தொழிலை நாடும் நம் இளைஞர் எண்ணிப்பார்ப்பாராக.

நடுவானில் ஓரெஞ்சின் அணைந்து, எதிர்காற்று அதனைப் போதிய வேகத்திற் சுழற்றாதவிடத்தும், மற்றையதன் காற்று இவ்வாறே உதவும். 2011இற் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787இலோ காற்றுக்குழாய்க்குப் பதிலாக மின்கம்பி வந்துவிட்டது. எஞ்சினோடு இணைந்த மின்னாக்கியே மின்சாரம் பெற்று எஞ்சினைச் சுழற்றித் தொடக்குகின்றது. அங்கும் முதலில் எழுந்த எஞ்சின் இரண்டாவதற்கு மின்சாரம் ஈயவல்லது.