ஒரே காம்பராவில் வளரும் பிள்ளை



நிறை பார்க்கும் நாளில் பிள்ளையின் வளர்ச்சிக் கோடு கீழே இருந்தால் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: "எங்க பரம்பரையே கட்டைதானே!" இது சரியா?

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தை மட்டும் பார்த்தால் 32 பேர். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து பார்த்தது. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான வீடும் கிடைத்த சின்னப் பிள்ளைகள், எந்த நாடானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். ஆகவே பரம்பரைமேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. பிள்ளை இருக்கும் இடத்தையும், யார் கையால் சாப்பிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

லயம் குடும்பத்துக்கென்று கட்டியதல்ல. கோப்பிக் காலத்தில் கண்டிச் சீமைக்குப் பருவத்துக்கு வந்து திரும்பிப் போனவர்களுக்காக எழுந்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் நிலைத்தன, காம்பரா மட்டும் பெருக்கவில்லை.

இன்றும் பல லயங்களில் இஸ்தோப்பை மறைத்துத்தான் அடுப்படி. ஈர விறகின் புகை முழுவதும் தூங்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது. இருமலும் சளிக்காய்ச்சலும் அடிக்கடி வந்தால் பிள்ளை சாப்பிடாது. சாப்பிடாத பிள்ளை வளராது. விறகை நன்றாகக் காயவைத்து எரியுங்கள். சமைக்கும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுப் பெரியவர் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். ஒரே அறையில் படுக்கிறோம், காசநோய் பிள்ளைக்குத்தான் முதலில் ஆபத்து.

அம்மா விடிய பிரட்டுக்குப் போனால், அல்லது கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போயிருந்தால், பிள்ளை பாட்டி கையில். பாட்டியைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. அவரும் முப்பது வருஷம் கூடை சுமந்தவர், முழங்கால் வலிக்காரர். பிள்ளை அழுதால் சாயத் தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்து அடக்குவார். சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது, பசியையும் கெடுக்கும். அதற்குப் பதிலாக மசித்த பருப்புச் சோறும் ஒரு கரண்டி எண்ணெயும், கிடைத்தால் முட்டையோ நெத்தலித் தூளோ போதும்.

பிள்ளைக்கென்று தனித் தட்டு வையுங்கள். எல்லாரும் ஒரே சட்டியில் சாப்பிட்டால் சின்னது எவ்வளவு தின்றது என்று யாருக்கும் தெரியாது.

திரிபோஷா கதையும் இதேதான். 750 கிராம் பைக்கற்று, நாளைக்கு 50 கிராம் வீதம் ஒரு பிள்ளைக்குப் பதினைந்து நாள் வர வேண்டும். நம் வீடுகளில் உருண்டை பிடித்தால் மூன்றே நாளில் காலி! பெரிய பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள், மனசும் கேட்காது. ஆனால் அது குறைநிறைப் பிள்ளையின் மருந்து மாதிரி. தனி டின்னில் மூடி வையுங்கள்.

நிறை பார்க்கும் நாளில் பாட்டியையும் பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிப் போங்கள். மருத்துவிச்சி சொல்வதை அம்மா மட்டும் கேட்டு வந்தால், பகலில் ஊட்டுகிறவர் காதுக்கு அது போய்ச் சேர்வதில்லை. அப்பாமாரும் வரலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.