எடை குறைப்புச் சிகிச்சையும் மன அச்சமும்

வியாபாரத்தில் துணிவுக்குப் பேர்போன நம்மவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கலங்கி நிற்பதைக் காண்கிறோம். அதிலும், உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை செய்துகொள்ள நாள் குறித்தவர்கள், ஊர் நகைக்குமோ என்ற கூச்சத்தால் தம் அச்சத்தை வெளியே சொல்வதில்லை. சொல்லாத அச்சம் வளரும். உரியவரிடம் சொன்ன அச்சம் குறையும்.

முதலில் கூச்சத்தை விடுவோம். மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 சதவீதத்தினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள் என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறுகிறது. புலாவ் செபாங், தம்பின் பக்கத்துக் கடைக்காரர் நாள் முழுதும் கல்லாவில் அமர்ந்து, வருவோருடன் தே தாரிக் அருந்தி, கடையடைத்தபின் நள்ளிரவில் உண்கிறார். இத்துடன் பரம்பரையும் தூக்கக் குறைவும் சேர்கின்றன. இது வெறும் பெருந்தீனியின் விளைவன்று.

இச்சிகிச்சை புதுமையானதுமன்று. 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் எட்வர்ட் மேசன் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். இன்று பரவலாகச் செய்யப்படும் மற்றொரு முறையில், சிறு துளைகள் வழியே இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அகற்றுகிறார்கள். அனுபவமுள்ள இடங்களில் உயிராபத்து ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே இருக்கிறது.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை: மயக்க மருந்து, வலி, குடும்பம், கடை என மனத்தை அரிக்கும் ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். புகைப்பழக்கம், உண்ணும் மாத்திரைகள், முன்பிருந்த மனச்சோர்வு எதையும் மறைக்காதீர்கள். கடைச் சாவி, கணக்கு, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றை நம்பகமானவரிடம் ஒப்படையுங்கள்; பாதி விசாரம் அதிலேயே தீரும். முதல்நாள் இரவு படபடத்தால், மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். தாதியிடமும் சொல்லுங்கள்.

அறுவைக்குப் பின், “ஏன் இதைச் செய்துகொண்டோம்” என்ற எண்ணம் முதல் வாரங்களில் பலருக்கும் எழும். கவலைக்கு ஆறுதலாக இருந்த உணவு கைவிட்டுப்போய், நீராகாரம் மட்டுமே மிஞ்சுவது அதற்கு ஒரு காரணம். சில மாதங்களில் முடியும் உதிரலாம். பெரும்பாலும் மீண்டும் வளரும். இனிப்பை அருந்தியவுடன் வியர்த்துப் படபடப்பதுண்டு. அது இனிப்பு குடலுக்குள் விரைந்து இறங்குவதால் வருவது. இனிப்பைத் தவிர்த்தால் அடங்கும்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. நெஞ்சு இடைவிடாது படபடத்தல், காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஏதேனும் கண்டால், “பயந்தான்” என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தைத்த இடத்தில் கசிவோ இரத்தக்கட்டோ இருக்கலாம். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை தோன்றினாலும், அதையும் தாமதமின்றி டாக்டரிடம் சொல்லவேண்டும்.

ரமலான் நோன்பைப் பற்றியும் டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். நோயுற்றவர் பின்னொரு நாளில் நோற்க மார்க்கம் இடமளித்திருக்கிறது.

வீட்டாருக்கும் ஒரு சொல்: கந்தூரி விருந்தில் “ஒரு வாய்தானே” என்று வற்புறுத்தாதீர்கள். மறுபரிசோதனை நாளில் துணைக்குச் செல்லுங்கள். அவர் அச்சத்தைச் சொல்லும்போது இடைமறிக்காமல் கேளுங்கள்.