கையெழுத்துக்கு முன் சொல்லின் பொருளைக் கேளுங்கள்

சாமல்பட்டிப் பக்கம் பிள்ளையை மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போகிறீர்களா? கையில் தரும் தாளில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் கேளுங்கள்.

‘கற்றல் குறைபாடு’ என்றால் அறிவு மட்டு என்று அர்த்தமில்லை. கதையை வாயால் அழகாகச் சொல்கிற பிள்ளை, எழுதும்போது ‘படம்’ என்பதை ‘பமட்’ என்று எழுதும். ‘அறிவுசார் குறைபாடு’ வேறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் இரண்டும் தனித்தனி.

சான்றிதழில் ‘40 சதவீதம்’ என்பது மார்க் அல்ல, குறைபாட்டின் அளவு. அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிப்பது உரிமை.

‘தனிநபர் கல்வித் திட்டம்’ உங்கள் பிள்ளைக்கென்றே எழுதுவது. நகல் வாங்குங்கள். ‘முன்னேற்றம் தேவை’ என்று மொட்டையாக இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘மூன்று மாதத்தில் சட்டைப் பொத்தானைத் தானே போடுவாள்’ என்பதுபோல் இருக்க வேண்டும்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ்க் கேள்வி புரியாமல் பிள்ளை விழிப்பதைக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது.

சந்தேகமா? ஊத்தங்கரை வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைப் பாருங்கள்.