வேர்மண்ணில் புதிய நுண்ணுயிரினங்கள்

புல்வகைப் பயிர்களின் வேர்களை ஒட்டி வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்களைப் பிரேசிலில் ஜொஹானா டோபரைனர் 1970-களில் ஆராய்ந்தார். அவற்றுக்கு ஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்ற ஒரே பெயர் வழங்கிவந்தது. 1978-இல் டாரண்ட், கிரீக், டோபரைனர் ஆகியோர் டி.என்.ஏ. ஒப்புமையைச் சோதித்தபோது, இரு தனித் தொகுதிகள் புலப்பட்டன. அசோஸ்பைரில்லம் என்னும் புதிய பேரினம் இவ்வாறு பிறந்தது. இவற்றுள் லிப்போஃபெரத்திற்குப் பயோட்டின் தேவை, பிரேசிலென்சுக்குத் தேவையில்லை.

பெயரிடுவது வெறும் ஏட்டு வேலையன்றோ எனச் சிலர் வினவலாம். உர அலுவலர் அவ்வாறு கருதலாகாது. நம் நாட்டில் உயிர் உரங்கள் 2006-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்க்கப்பட்டன. பொட்டலத்தினுள் இருப்பது எந்த உயிர் என்பதைக் கண்ணால் அறிய உழவருக்கு வழியில்லை, ஆய்வுக்கூடமே சொல்லவேண்டும். ஒப்பிடுவதற்கு மூல மாதிரி வேண்டுமாதலின், புதிய இனத்தின் மாதிரி வளர்ப்பு இரு வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் வைக்கப்பட்ட பின்னரே அதன் பெயர் ஏற்கப்படுகிறது.