நாணயம் சுண்டிய இறுதிப்போட்டி

நிகழ்தகவு என்றதும் நாமெல்லாம் ஒரு ரூபாய் நாணயத்தைத்தான் எடுக்கிறோம். தலை விழ 1/2, பூ விழ 1/2. நானும் ஒன்பதாம் வகுப்பில் நாணயத்தில்தான் தொடங்குகிறேன். ஆனால் அது ஒரு கால்பந்து மைதானத்தில் சுண்டப்பட்ட நாணயம்.

2024 பிப்ரவரி 8, டாக்கா. 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தெற்காசியக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். இந்தியாவுக்கு 8ஆம் நிமிடத்தில் சிபானி தேவி கோல் அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் வங்கதேசத்தின் சாகரிகா அதைச் சமன் செய்தார். அடுத்து பெனால்டி உதைகள். இரு அணியிலும் கோல்கீப்பர் உட்பட 11 பேரும் உதைத்தார்கள். ஒருவர்கூடத் தவறவிடவில்லை. 11-11!

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, "இனி என்ன செய்யலாம்?" என்று கேட்கிறேன். பதில்களைப் பலகையில் எழுதிய பிறகுதான் நடந்ததைச் சொல்வேன். போட்டி அதிகாரி நாணயம் சுண்டச் செய்தார். இந்தியா வென்றது, நம் பிள்ளைகள் கொண்டாடினார்கள். விதியில் இப்படி இல்லையே என்று வங்கதேச அணி மறுத்தது. அவர்கள் சொன்னது சரிதான். எல்லோரும் உதைத்து முடித்த பிறகும் சமநிலை என்றால், ஓர் அணி முந்தும்வரை மறுபடி உதைக்க வேண்டும் என்பதே விதி. முடிவு திரும்பப் பெறப்பட்டது. இந்திய அணி மீண்டும் உதைக்க வரவில்லை. நெடுநேரம் கழித்து இரு அணிகளும் இணை வெற்றியாளர்கள் என அறிவிக்கப்பட்டன.

இனி கணக்கு. ஓர் உதை கோலாகும் வாய்ப்பு 3/4 என்று வைத்துக்கொண்டால், 22 உதைகளும் கோலாக 3/4ஐ 22 முறை பெருக்க வேண்டும். ஏறத்தாழ 560இல் ஒன்று வரும். 4/5 என்று மாற்றினால் 135இல் ஒன்று. இத்தனை வித்தியாசமா என்று வகுப்பு வியக்கும். அப்படியானால் உண்மையான எண் எது? உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு பாடவேளை கேட்டு வாங்கி மைதானத்துக்குப் போனோம். மாணவிகள் ஆளுக்குப் பத்து முறை உதைத்தார்கள், மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். பட்டறி நிகழ்தகவை இதைவிட எளிதாக நான் நடத்தியதில்லை. "முன்னால் போனவள் கோல் போட்டால் அடுத்தவளுக்குப் பயம் வராதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்குத்தான் இந்தப் பெருக்கல் பொருந்தும் என்பதை அந்தக் கேள்வியிலிருந்தே விளக்க முடிந்தது.

நான் அதிக நேரம் நின்றது அடுத்த கேள்வியில். நாணயம் இரு அணிக்கும் சம வாய்ப்புத்தானே தருகிறது, பிறகு ஏன் அது தவறு? 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் சோவியத் அணியை இத்தாலி நாணயம் சுண்டித்தான் வென்றது. யாரும் அதைத் திரும்பப் பெறவில்லை. அன்று விதியே அதுதான். பெனால்டி உதை முறை 1970இல்தான் வந்தது. சம வாய்ப்பும் நியாயமும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் தாங்களே வாதாடிக் கண்டார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பின்னக் கணக்கு வேண்டாம். சாக்கு ஓட்டத்துக்கு முன், "இரண்டு பேர் சேர்ந்து வந்தால் என்ன செய்வோம்?" என்று கேட்டு, பிள்ளைகள் சொல்வதை எழுதி ஒட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாம்.

என் வகுப்பில் கடைசியாக வந்த கேள்வி: "இணை வெற்றியாளர் என்பது மட்டும் விதியில் இருந்ததா சார்?" மீதிப் பாடவேளை அதிலேயே போயிற்று. பயிற்சிக் கணக்குகளை மறுநாள்தான் போட்டோம்.